குழந்தைக்குத் திடீரெனப் பேதி கண்டால்

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் செல்லும் பாதையில், குடகனாற்றை ஒட்டி அமைந்திருப்பது தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் சிற்பத் தூண்களைக் காண வெளியூரார் பலர் வந்துபோகும் இப்பேரூரைச் சுற்றிலும் சிறு சிறு குடியிருப்புகள் பல உண்டு. அவற்றுள் ஏதோ ஒன்றில், தோட்டத்தை அடுத்த ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக் கொள்வோம். குடும்பத் தலைவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார். மும்முனை மின்சாரம் அன்று இரவில்தான் வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் தாயும், மாமியாரும், பதினான்கு மாதக் குழந்தையும். மாலையில் திண்ணையில் தவழ்ந்து விளையாடிய அக்குழந்தை விளக்கு வைத்த பிறகு இரு முறை வாந்தி எடுத்தது. பிறகு தண்ணீராகப் பேதி தொடங்கியது. பத்து மணிக்குள் ஐந்து தடவை. நள்ளிரவில் பார்த்தால் கண்கள் குழிந்து, உதடு வறண்டு, அழுதாலும் கண்ணீர் வராத நிலையில் குழந்தை துவண்டு கிடக்கிறது.

இந்த வேளையில் தாயின் மனம் படும் பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவர் யாவரும் அறிவர். காலையில் கண்ட குழந்தையா இது என்று திகைப்பு ஏற்படுகிறது. நாம் கொடுத்த சோறா, குடிக்க வைத்த தண்ணீரா, யார் கண்ணாவது பட்டதா என்று நெஞ்சு தன்னையே குற்றம் சாட்டிக் கொள்கிறது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "பல் முளைக்கிற பேதி, தானாக நின்றுவிடும்" என்கிறார் அப்பத்தா. பக்கத்து வீட்டுக்காரரோ, காலையில் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப் போகலாம் என்கிறார். தாய்க்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. ஆயினும், "அவர் வரட்டும், அத்தை" என்று காத்திருக்கிறாள். ஆபத்து வளர்வது இந்தக் காத்திருப்பில்தான். இந்த இரவில் ஒரு தாயும் தகப்பனும் என்ன செய்யக் கூடும் என்பதையும், அதற்கு முன்பும் பின்பும் பஞ்சாயத்து என்ன செய்யக் கூடும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், பேதியால் குழந்தைக்கு நேரும் ஆபத்து எத்தகையது என்பதைத் தெளிந்து கொள்ள வேண்டும். குழந்தையை வீழ்த்துவது பெரும்பாலும் கிருமியன்று. உடம்பிலிருந்து வெளியேறிவிடும் நீரும் உப்புமே. ஒன்பது கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய 6 லிட்டர் நீர் இருக்கிறது. இதில் அரை லிட்டர் அளவு குறைந்தாலே கண் குழிந்து வாய் வறளும். 900 மில்லி, அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், உயிருக்கே ஆபத்தாகும். பெரியவர் ஒருவர் அதே நிலையை அடைய ஐந்தாறு லிட்டர் நீரை இழக்க வேண்டும். ஆகவேதான் பெரியவர் இரண்டு நாள் தாங்கும் பேதியைக் குழந்தையால் ஒரு இரவுகூடத் தாங்க முடிவதில்லை. ஊற்று குறைந்த கிணற்றில் மோட்டாரை ஓட விட்டால் என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறு கிணறு முதலில் வற்றும்.

இதிலிருந்து சிகிச்சையின் அடிப்படை விளங்கும். வெளியே போகிற நீரையும் உப்பையும் அவ்வப்போதே உள்ளே செலுத்திக் கொண்டிருக்க வேண்டும். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும்" என்று தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்திவிடும் பழக்கம் நம் கிராமங்களில் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இதைவிடக் கேடான பழக்கம் வேறில்லை என்றே கூறலாம். வயிற்றைக் காயப் போட்டால் பேதி நின்றது போலத் தோன்றும். உண்மையில் அது பேதி நின்றதன்று. போவதற்கு உடம்பில் நீர் இல்லாமற் போனதேயாகும்.

ஆனால் வெறும் தண்ணீரும் போதாது. இதன் காரணத்தை அறிவது பயன் தரும். பேதியால் புண்பட்ட குடல், தனி உப்பு நீரைச் சரிவர உறிஞ்சுவதில்லை. தனிச் சர்க்கரை நீரை மட்டும் கொடுத்தாலும் இழந்த உப்பு திரும்புவதில்லை. உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் சேர்ந்து வந்தால், குடற்சுவரில் உள்ள ஒரு வழி அவை இரண்டையும் ஒன்றாகவே உள்ளே இழுத்துக் கொள்கிறது. அவற்றின் பின்னே தண்ணீரும் செல்கிறது. இரண்டு சாவிகளும் சேர்ந்தால் மட்டுமே திறக்கும் பூட்டைப் போன்றது இது. கடும் வாந்திபேதியின் போதுகூட இந்தப் பூட்டு கெட்டுப் போவதில்லை என்பதுதான் மனித குலத்துக்கு வாய்த்த பாக்கியம். சர்க்கரையும் உப்பும் இவ்வாறு இணைந்து செல்லும் முறையை 1960-ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எடுத்து விளக்கினார். அதற்கு முன்பே, 1953-இல், கல்கத்தாவின் டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாந்திபேதி நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்துக் குணப்படுத்தியதை எழுதி வெளியிட்டிருந்தார். அன்று உலகம் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. டாக்காவில் 1968-இல் டேவிட் நேலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் முறையாகச் சோதித்து நிலைநாட்டிய பிறகே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

இம்முறை மருத்துவமனைச் சுவர்களைத் தாண்டி ஏழை மக்களின் கைக்கு வந்த கதை இன்னும் சுவையானது. 1971-இல் வங்கதேசப் போரின் போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். பன்காவ் என்ற ஊரின் முகாம்களில் வாந்திபேதி பரவியது. அங்கிருந்த சிறு மருத்துவமனையில் படுக்கைகள் போதவில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தனர். நரம்பு வழியாக ஏற்றும் நீர் தீர்ந்து போகும் நிலை. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகாலனபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் கணக்காக நிறுத்துப் பைகளில் அடைத்துக் கொண்டுவந்து, பீப்பாய்களில் நீரூற்றிக் கரைத்து வைத்தார். அதைக் குவளைகளில் மொண்டு நோயாளிக்குப் புகட்டும் வேலையைத் தாயிடமும் தகப்பனிடமும் உடன் வந்த உறவினரிடமுமே ஒப்படைத்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்து கொண்டிருந்த இடத்தில், அவர் பராமரிப்பில் இருந்தவர்களுள் இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அந்த மருத்துவர் 2022-இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. படிப்பறிவில்லாத ஒரு தாயின் கையில் ஒரு குவளையைக் கொடுத்தால் அவளே பாதி மருத்துவர் ஆகிவிடுகிறாள் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது அந்த முகாம். நம் தாடிக்கொம்புத் தாய்க்கும் இது பொருந்தும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டாலும் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் ஆகியவை அடங்கியிருக்கும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, காய்ச்சி ஆறிய நீரை ஒரு லிட்டர் அளந்தெடுத்து, முழுப் பொட்டலத்தையும் அதில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைப் பாதித் தண்ணீரில் கரைக்கலாமே என்று கண்ணளவாகப் பிரித்தால் அளவு பிசகும். 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் விற்கின்றன. ஆதலால் பொட்டலத்தின் மேல் எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே நீரை அளக்க வேண்டும். கரைத்த பின் காய்ச்சக் கூடாது. பாலோ, பழச்சாறோ, கூடுதல் சர்க்கரையோ சேர்க்கக் கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

நள்ளிரவில் பொட்டலம் கைவசம் இல்லையென்றால்? ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். கொடுக்குமுன் தாய் அதை நாவில் வைத்துப் பார்த்தல் வேண்டும். கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி கரைப்பதே நல்லது. உப்பு மிகுந்த கரைசல் சிறு குழந்தைக்குத் தீங்கு செய்யும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு உப்பிட்ட அரிசிக் கஞ்சி, நீர்மோர் ஆகியவையும் உதவும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலும் பொட்டலக் கரைசலும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு முறை நீராகப் போன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் குவளை முதல் அரைக் குவளை வரையிலும், அதாவது 50 முதல் 100 மில்லி வரையிலும், இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு அதைப்போல் இருமடங்கும் கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் அன்று; கரண்டி கரண்டியாக. தாகத்தால் தவிக்கும் குழந்தை குவளையைப் பறித்துக் குடிக்கப் பார்க்கும். கொடுத்தால் உடனே வாந்தியாக வந்துவிடும். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி முன்னிலும் மெதுவாகப் புகட்டத் தொடங்க வேண்டும். எல்லாம் வெளியே வந்துவிட்டதே என்று பல தாய்மார்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து கைவிட்டுவிடுகின்றனர். கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றினாலும், குடித்தது அனைத்தும் வாந்தியில் வந்துவிடுவதில்லை. ஒரு பகுதி உள்ளே தங்கவே செய்கிறது.

நீர் வற்றிய அடையாளங்கள் தெரியத் தொடங்கிய குழந்தைக்கு மருத்துவர்கள் வகுத்துள்ள கணக்கு, ஒரு கிலோ எடைக்கு 75 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில் என்பதாகும். நாம் எண்ணிய ஒன்பது கிலோக் குழந்தைக்கு இது 675 மில்லி. ஐந்து மில்லி பிடிக்கும் தேக்கரண்டியால் 135 கரண்டி. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். நாலு மணி நேரம் ஒருவரே உட்கார்ந்து இதைச் செய்வது எளிதன்று. இந்நிலையில் குழந்தையைச் சுகாதார நிலையத்தாரின் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். ஆனால் அங்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புகட்டத் தொடங்க வேண்டும் என்பதில்லை. வண்டி வரும் வரையிலும், வண்டியிலும், மருத்துவமனை வாசலில் காத்திருக்கும்போதும் கரண்டி நிற்கலாகாது.

தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டிய அடையாளங்கள் எவை? குழந்தை குடிக்க மறுத்தல் அல்லது குடிக்க இயலாமை, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், கண்கள் நன்கு குழிந்திருத்தல், மலத்தில் இரத்தம், கொடுத்ததையெல்லாம் விடாது வாந்தியெடுத்தல், கடுங்காய்ச்சல் அல்லது வலிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை. வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளி விட்டுப் பாருங்கள். நலமுள்ள குழந்தையின் தோல் உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு விநாடிக்கு மேலும் மடிப்பாகவே நின்றால் உடம்பில் நீர் மிகவும் வற்றிவிட்டது என்று அறியலாம். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்குப் பேதி கண்டால், எந்த அடையாளத்துக்கும் காத்திராமல் புறப்பட்டுவிட வேண்டும்.

நம் பாட்டிமார்கள் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்து "உச்சி விழுந்துவிட்டது" என்று சொல்வதுண்டு. அவர்கள் கண்டது மெய்யே. ஒன்றரை வயதுக்குள், மூடாத உச்சிக்குழி பள்ளமாவது நீர் வற்றியதற்கு நல்ல அடையாளம். மருத்துவரும் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறார். அதற்குப் பரிகாரமாக உச்சியில் பற்றுப் போடுவதும், குழந்தையைத் துணியில் இட்டு உருட்டி உரம் எடுப்பதும், தொக்கம் எடுக்க ஊர் ஊராக அலைவதுமே பயன் தராதவை. உச்சிக்குழி உள்ளிருந்து நிரம்ப வேண்டும். பாட்டியாரின் கூர்மையான கண்ணையும் மருத்துவரின் கரைசலையும் ஒன்று சேர்த்துவிட்டால் அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய பலம் இல்லை. ஆகையால் அவரைக் கடிந்து ஒதுக்காமல், "அப்பத்தா, நீங்கள் உச்சியைப் பார்த்துச் சொல்லிக் கொண்டிருங்கள்" என்று வேலையைப் பகிர்ந்து கொள்வதே விவேகம். வயிற்றில் சூடு போடுவதை மட்டும் யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

கடையில் விற்கும் இனிப்புப் பானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோடாவும், புட்டியில் அடைத்த பழரசமும், வெறும் குளுக்கோஸ் நீரும் பேதியை மிகுவிக்கக் கூடியவை. சர்க்கரை அளவு மீறினால் அது உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடுகிறது. உரிய அளவில்லாத பானங்கள் சில ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தம் பெயரில் தாங்கி விற்கப்பட்டு வந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இதற்குத் தடை விதித்தது. என்றாலும், வாங்குபவர் பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குவது நலம். பேதியை உடனே நிறுத்தும் என்று பெரியவர்கள் விழுங்கும் மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுத்தல் ஆகாது. கிருமிக்கொல்லி மருந்துகளும் எல்லாப் பேதிக்கும் வேண்டியவை அல்ல. இரத்தபேதிக்கும் காலராவுக்கும் மருத்துவர் கொடுப்பார். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள், டாக்டர்" என்று மன்றாடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. ஊசி வழியே ஏறுவதுதான் உயர்ந்த மருந்து என்ற எண்ணம் இதற்குக் காரணம். குழந்தையால் குடிக்க முடிகிற வரையில் கரண்டி வழியே போவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. குடிக்க முடியாத நிலைக்குப் போய்விட்ட குழந்தைக்கோ நரம்பு வழியாக நீர் ஏற்றுவது உயிர் காக்கும் சிகிச்சை. அங்கே ஒரு கணமும் தயங்குவதற்கில்லை.

துத்தநாகச் சத்து மாத்திரையைப் பலர் அறிந்திருக்கவில்லை. ஜிங்க் மாத்திரை என்று செவிலியர் தருவது இதுவே. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமும், இரண்டு முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தைக்கு 10 மில்லிகிராமும், 14 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ நீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் பலர். முழுமையாகக் கொடுத்தால் குடல் விரைவில் ஆறுவதோடு அடுத்த சில மாதங்களில் பேதி திரும்பி வருவதும் குறைகிறது. தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தலாகாது. சோறு உண்ணும் குழந்தைக்குக் குழைந்த பருப்புச் சோறு, இட்டிலி, வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்ட வேண்டும். குணமான பின் இரண்டு வாரம் நாள்தோறும் ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுத்தால் இளைத்த உடம்பு தேறும்.

மறுபடி அந்த வீட்டுக்கே வருவோம். அச்சம் மேலிட்டுக் கைகால் பதறும் நேரத்தில், செய்வதற்கு ஒரு வேலை இருப்பதே மனத்துக்கு ஊன்றுகோலாகும். ஒருவர் குழந்தையை மடியில் வைத்துப் புகட்டட்டும். இன்னொருவர் வெளிச்சம் பிடித்துக் கொண்டு, எத்தனை மணிக்குப் பேதி, எத்தனை மணிக்கு வாந்தி, கடைசியாகச் சிறுநீர் எப்போது, எத்தனை குவளை உள்ளே போயிற்று என்பதை நாட்காட்டித் தாளின் பின்புறத்திலாவது குறித்து வரட்டும். மருத்துவர் முதலில் கேட்பவை இவையே. பதற்றத்தில் தாயால் அப்போது சரியாகச் சொல்ல முடிவதில்லை. "நிறையப் போனது, ஐயா" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. 108 எண்ணை அழைத்தால் இலவச ஊர்தி வரும். இச்சேவை 2008 முதல் நம் மாநிலத்தில் நடைபெற்று வருகிறது. எந்த அடையாளத்துக்கு என்ன செய்வது என்ற ஆலோசனைக்கு 104 என்ற எண் உண்டு. தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். அங்கே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருவதால், பகலில் பேருந்திலேயே போய்விடக் கூடிய தூரம்தான். இரவில் அதே தூரம் மிக நீண்டுவிடுகிறது.

அந்தத் தூரத்தை நீட்டிப்பது சாலை மட்டுமன்று. யாரைக் கேட்டுப் புறப்படுவது என்ற தயக்கமும், கையில் பணமில்லையே என்ற கவலையும், விடிந்தால் பார்த்துக் கொள்ளலாம் என்ற ஆறுதலும் சேர்ந்தே நீட்டிக்கின்றன. ஆகையால் குழந்தை நலமாக இருக்கும் பகல் வேளையிலேயே கணவனும் மனைவியும் மாமியாரும் உட்கார்ந்து ஒரு முடிவு செய்து கொள்ள வேண்டும்: ஆபத்து அடையாளம் ஒன்று கண்டால், வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களே புறப்படலாம், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்மக்கள் இதை வாய்விட்டுச் சொல்லி வைப்பது மிகவும் அவசியம். நெஞ்சுக்குள் சம்மதம் இருந்தால் போதாது. நள்ளிரவில் அது தாயின் காதில் விழாது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, "உன் கவனக் குறைவுதான்" என்று தாயை ஏசும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். பேதி எத்தனையோ சுத்தமான வீட்டிலும் வருகிறது. இரண்டு நாள் ஆலைக் கூலியையோ பூப்பறிப்புக் கூலியையோ இழந்து, உறக்கமின்றி உட்கார்ந்தவள் அவள்.

சிறு குழந்தைகளின் கடும் பேதிக்குப் பெருங்காரணம் ரோட்டா என்னும் நுண்கிருமி. இதற்குரிய சொட்டு மருந்து 6, 10, 14 ஆகிய வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2017-இல் தொடங்கியது. நம் நாட்டிலேயே உருவான மருந்து ஒன்றைச் சோதித்த மூன்று இடங்களுள் வேலூரும் ஒன்று என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். இம்மருந்து பேதி அனைத்தையும் தடுத்துவிடாது. ரோட்டாவால் வரும் கடும் பேதியைப் பாதிக்கு மேல் குறைக்கிறது. உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேதியால் மடிகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 60 பேருக்கே கரைசல் கிடைத்திருக்கிறது. மருந்து கண்டுபிடித்து அரை நூற்றாண்டு கடந்தும், விலை அற்பமாக இருந்தும், நூற்றில் நாற்பது வீடுகளுக்கு அது எட்டவில்லை. இங்கேதான் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு வேலை இருக்கிறது.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுக் காலம் வீடு வீடாகச் சென்று, ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் குடும்பங்களில் தாய்மார்களுக்குக் கரைசல் செய்யக் கற்றுக் கொடுத்தது. அங்கே பொட்டலம் இல்லை. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, நாலு விரலால் அள்ளிய வெல்லம், அரைச் சேர் தண்ணீர், அவ்வளவே. கற்பித்துச் சென்ற பெண்களுக்குச் சம்பளம், தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைப் பின்னர் சோதித்துப் பார்த்தே வழங்கப்பட்டது. ஆயினும் தொடக்கத்தில், கற்றவர்களுள் மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினர். ஏன் என்று ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் தெரிந்தன. சொல்லிக் கொடுத்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களுக்கோ யாரும் எதையும் சொல்லவில்லை. பிறகு ஊழியர்களுக்கு அதன் காரணத்தை விளக்கினர். சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினர். அதன் பின்னரே பழக்கம் வேரூன்றியது. கிராமசபைக் கூட்டத்தில் சாலை, விளக்கு, குழாய் என்று பேசி முடித்த பின் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒரு குடம் நீரும் ஒரு பொட்டலமும் வைத்துக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு செய்து காட்டச் சொன்னால், அங்கு ஆண்களும் இருப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவின் குளத்து நீரிலேயே கண்டு காட்டினார். நூறாண்டுக்குப் பிறகு, 1992 அக்டோபரில், அக்கிருமியின் புதிய வகை ஒன்று நம் சென்னையில் தலைகாட்டியது. தண்ணீர் வழியாகப் பரவும் பேதியைத் தடுக்க மேல்நிலைத் தொட்டியில் நாள்தோறும் குளோரின் கலப்பது முதற்கடமை. 1,000 லிட்டர் நீருக்கு வீரியம் குன்றாத பிளீச்சிங் பவுடர் 4 கிராம் என்பது வழக்கமான கணக்கு. தூளை வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுக் குழாயைத் திறக்க வேண்டும். திறந்து வைத்த மூட்டையில் பல வாரம் கிடந்த தூளில் வீரியம் இராது. எடை மட்டுமே இருக்கும். தொட்டியடியில் குளோரின் இருந்தால் போதாது. தெருவின் கடைசிக் குழாயில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். சாக்கடையைக் கடக்கும் குழாய் உடைந்திருந்தால் எவ்வளவு தூள் போட்டும் பயனில்லை. மழை பெய்து குடகனாறு கலங்கி ஓடும் நாட்களிலும், திருவிழாக் காலங்களிலும், பந்தலில் பானை வைத்துத் தண்ணீர் வழங்கும் இடங்களிலும் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் பேதி கண்டால் அன்றே சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும்; நான்காவது குழந்தை வரை காத்திருக்கலாகாது.

பொட்டலங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கின்றன. அங்கன்வாடியிலும் இருக்கக் கூடும். இரவு பன்னிரண்டு மணிக்கு அவை உடனே கைக்கு எட்டாமற் போகக் கூடும். ஆகவே ஒவ்வொரு வார்டிலும் ஒரு வீட்டைத் தேர்ந்து, பத்துப் பொட்டலமும் அளவுக் குவளை ஒன்றும் ஜிங்க் மாத்திரையும் அங்கே வைத்திருக்கச் செவிலியருடன் கலந்து ஏற்பாடு செய்யலாம். அந்த வீட்டுச் சுவரில் 108, 104 ஆகிய எண்களோடு, இரவில் எழுப்பினால் வண்டி எடுத்து வர இசைந்துள்ள இரண்டு பேரின் கைபேசி எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் அச்சிட்டுள்ள காலாவதித் தேதியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துப் பழையதை மாற்றுவது வார்டு அங்கத்தினரின் பொறுப்பாக இருக்கட்டும்.